வலது பக்கத்துக் கதவு

ரோஸ்விதா துண்டு கசக்கிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் கையால் ஒரு முறை பார்த்தாக வேண்டிய துண்டுகள். நிலவறைத் தொட்டியில் வெந்நீர் விட்டு, மாட்டுப் பித்தத்தில் செய்த சோப்புக் கட்டியை எடுத்து, கறை கறையாகத் தேடி அழுத்தித் தேய்த்தாள். அந்த சோப்பு ரத்தக் கறையைப் போக்கும். செர்ரிப் பழச் சாற்றைப் போக்கும். பிரேக் தூசியிடம் மட்டும் அதன் பாச்சா பலிப்பதில்லை. இரும்பும் கரியும் ஏதோ பசையும் சேர்ந்து சூட்டில் வெந்த தூசி. நூலுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டால் கறுப்பு சாம்பல் நிறமாகும், சாம்பல் பழுப்பாகும், அதற்குமேல் அசையாது.

"பன்னிங்க," என்றாள் தொட்டியைப் பார்த்து.

எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது பந்தயப் பாதை. ஊரில் பாதி வீடுகள் அதில் ஓட்ட வருகிறவர்களுக்கு வாடகை அறை வைத்துப் பிழைக்கிற வீடுகள். ரோஸ்விதா வீட்டில் மாடியில் நான்கு அறை. ஒவ்வொன்றிலும் கட்டில் ஓரத்தில் ஒரு கூடை வைத்திருந்தாள். உள்ளே பழைய சட்டைகள், கிழிந்த விரிப்புகள். கூடையின்மேல் ஆங்கிலத்தில் ஓர் அட்டை: 'காருக்கு இவை. குளிக்கத்தான் வெள்ளைத் துண்டு.' மகள் டோரத்தே எழுதிக் கொடுத்தது. வருகிறவர்கள் அட்டையைப் படிப்பார்கள், சிரிப்பார்கள், போனில் படம்கூட எடுத்துக்கொள்வார்கள். பிறகு வெள்ளைத் துண்டை எடுத்துப் போய்ச் சக்கரத்தைத் துடைப்பார்கள்.

இந்தத் துண்டுகள் டெஸ்மண்ட் ஹார்ட்னல் உபயம். இங்கிலாந்துக்காரன். ஓய்வுபெற்ற பல் மருத்துவன். வருஷா வருஷம் ஜூன் மாதம் பச்சை நிறத்தில் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்துவிடுவான். கூட எப்போதும் ஒரு நண்பன் வருவான். இந்த வருஷம் நண்பனுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை என்று தனியாக வந்திருந்தான். பக்கத்து இருக்கை காலி. அந்தக் காலி இருக்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ரோஸ்விதா அன்று சாயங்காலம் நினைத்தாள். அதுவும் தப்பு என்று மறுநாள் காலையில் தெரிந்தது.

தொட்டிக்கு நேர் மேலே, தரையை ஒட்டி ஒரு ஜன்னல். அதில் முற்றம் தெரியும், முழங்காலுக்குக் கீழே மட்டும். டயர்கள், காலணிகள், பக்கத்து வீட்டுப் பூனை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் வருகிறவர் போகிறவரை எடைபோட்டு வந்திருக்கிறாள். அவள் பிறந்த ஊர் இரண்டு மலை தாண்டி, ஸ்லேட் கல் சுரங்கம் உள்ள ஊர். அப்பா தினமும் நீலச் சாம்பலாக வீடு திரும்புவார். அம்மா அவர் சட்டையைத் துவைத்தே கையைத் தேய்த்துக்கொண்டாள். தூசி வேலை செய்கிறவனைக் கட்டவே மாட்டேன் என்று ரோஸ்விதா பிடிவாதமாக இருந்தாள். சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற அல்ஃபோன்ஸைப் பார்த்தபோது அவளுக்குப் பிடித்ததே அதுதான். பனி வெள்ளை. கறை படாது.

பச்சைக் கார் முற்றத்துக்குள் வருவது முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. புது பிரேக் பேடின் கிரீச்சல், பன்றிக்குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கினாற்போல. அப்புறம் நாற்றம். குதிரைக்கு லாடம் அடிக்கும்போது குளம்பு தீய்கிற நாற்றம், அதோடு கெட்ட மீன் வாடையும் கலந்து, ஜன்னல் வழியாக இறங்கித் துவைத்த துண்டுகளின்மேல் உட்கார்ந்தது. ரோஸ்விதா மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

வலது பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு பழுப்புக் காலணி கீழே இறங்கியது. அப்புறம் இன்னொன்று. இடது காலணியில் ரோஜா நிறக் கயிறு.

அந்தக் கயிறு பேத்தி ரோமி கோத்தது. பழைய கயிறு அறுந்தபோது தன் விளையாட்டுக் காலணியிலிருந்து உருவி, தாத்தாவுக்குப் போட்டுவிட்டாள். ஊரிலேயே ரோஜா நிறக் கயிறு போட்ட கிழவன் அல்ஃபோன்ஸ் ஒருவன்தான்.

ரோஸ்விதா சோப்பைப் போட்டுவிட்டுப் படியேறினாள்.

*

அவள் கோபத்துக்கு முன்கதை உண்டு. போன அக்டோபரில் அல்ஃபோன்ஸ் ரோமியைப் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போய்த் திரும்பும்போது அவனுக்குக் கண் இருட்டிவிட்டது. கார் நடைபாதையில் ஏறி, பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் அங்கே யாரும் நிற்கவில்லை. அவனுக்கு நெற்றியில் வீக்கம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, தலைமுடி முழுக்கக் கண்ணாடித் தூள் மட்டும். ரோஸ்விதா அவளைக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்காரவைத்து, பேன் சீப்பால் வாரி வாரி எடுத்தாள். சீப்பில் சிக்கிய துணுக்குகள் வாஷ்பேசினில் சிணுங் சிணுங் என்று விழுந்தன. ரோமி அழவே இல்லை. "தாத்தா தூங்கிட்டாரு பாட்டி," என்றாள்.

டாக்டர்கள் படம் எடுத்தார்கள், மார்பில் கம்பி ஒட்டினார்கள், காரணம் சொல்ல முடியவில்லை. மறுபடியும் வரலாம், வராமலும் போகலாம், இனி வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றார்கள். பனிக்காலம் முழுக்க எல்லோரும் வீட்டில் அடைந்து கிடக்கும்போது ஊருக்கே வழி வெட்டிக் கொடுத்தவனிடம் அதைச் சொன்னார்கள். அல்ஃபோன்ஸ் தலையாட்டினான். இனித் தொட மாட்டேன் என்று ரோஸ்விதாவிடம் சத்தியமும் பண்ணினான். வீட்டுக் காரின் சாவி அன்றிலிருந்து ரோஸ்விதாவின் ஏப்ரன் பைக்குப் போனது.

மகள் டோரத்தே கோப்லென்ஸ் நகரத்தில் நர்ஸ். தனியாகத்தான் குழந்தையை வளர்க்கிறாள். அக்டோபருக்குப் பிறகு ரோமியை ஒரு நாள்கூட இங்கே விட்டுப் போகவில்லை. வருவாள், குழந்தையோடு உட்காருவாள், குழந்தையோடு கிளம்பிவிடுவாள். இப்போது கோடை விடுமுறை நெருங்குகிறது, அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ரோமியை இரண்டு வாரம் இங்கே விடலாமா என்று, வேறு வழி இல்லாமல் போன வாரம் போன் பண்ணினாள்.

"அம்மா, சுத்தி வளைக்காம கேக்குறேன். அப்பா வண்டி ஓட்டுறாரா?"

"சாவி என் பையில இருக்கு."

"சாவியைக் கேக்கல."

"ஓட்டல, டோரத்தே. ஸ்டீரிங்கைத் தொட மாட்டாரு. அதுக்கு நான் பொறுப்பு."

"சரி. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரேன். நேர்ல பாத்துப் பேசலாம். உன் வார்த்தையை நம்பித்தாம்மா."

ரோஸ்விதா அன்றைக்கே மாடியின் கடைசி அறையை ரோமிக்காக ஒதுக்கிவிட்டாள். விருந்தாளிகள் கேட்டபோது அறை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

*

டெஸ்மண்ட் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. இந்த வருஷம் புது ரக பிரேக் பேட் வாங்கியிருந்தான். சனிக்கிழமை அவனுடைய கார் கிளப் பந்தயப் பாதையை நாள் முழுக்க வாடகைக்கு எடுத்திருந்தது. பேடைப் போட்டுச் சோதித்துப் பார்க்கத்தான் இந்தப் பயணமே.

முற்றத்தில் காரைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினான். முழங்காலுக்குக் கீழே வெள்ளைத் துண்டு. முழங்கைக்குக் கீழே இன்னொன்று. அல்ஃபோன்ஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். கடைத்தெருவில் மிட்டாய்க் கடைக் கண்ணாடிக்கு முன்னால் குழந்தைகள் நிற்கிற மாதிரி நிற்கிறானே என்று ரோஸ்விதாவுக்குத் தோன்றியது. அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

டெஸ்மண்டுக்கு எங்கள் பாஷை பதினைந்து வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை. ஆண்பால் பெண்பால் எதுவும் நிற்காது, எல்லாம் அஃறிணைதான்.

"அல்ஃபோன்ஸ், இது புதுசு. இது இன்னும் குழந்தை. பழக்கணும். வேகமா போ, பிரேக் அமுக்கு, ஆனா நிக்காதே. மறுபடி வேகம், மறுபடி அமுக்கு. சூடு, சூடு, ரொம்ப சூடு! அப்புறம் மெதுவா ஓட்டு, பிரேக் தொடாதே, ஆறணும்."

"கல்யாணமான புதுசுல நாங்களும் இப்படித்தான்," என்றான் அல்ஃபோன்ஸ்.

"சீ," என்றாள் ரோஸ்விதா, துணிக் கொடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

டெஸ்மண்டுக்கு நகைச்சுவை புரியவில்லை. விரலை ஆட்டினான். "முக்கியம்! சூடா இருக்கும்போது கை-பிரேக் வேண்டாம். கை-பிரேக் போட்டா பேடு டிஸ்க்ல ஒட்டிக்கும். தோல் மாதிரி ஒட்டும். அப்புறம் எப்ப பிரேக் போட்டாலும் டட்டட்டட்டட்ட. பேடு செத்தது. இதோ கட்டை." ஆப்பு மாதிரி செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளைக் காட்டினான். "கட்டை வைக்கணும் சக்கரத்துக்கு."

"இந்த ஊர்ல கை-பிரேக் போடாம வண்டியை விட்டா," என்றான் அல்ஃபோன்ஸ், "காலையில போய் சர்ச் சுவத்துலேர்ந்து பேத்து எடுக்கணும்."

அது நிஜம். எங்கள் ஊரில் சமதரை என்று ஒன்று கிடையாது. முற்றமே சாய்ந்துதான் இருக்கிறது. இங்கே பிறந்தவன் எவனும் வண்டியை நிறுத்தியதும் வலது கையால் லீவரை இழுத்துவிட்டுத்தான் மூச்சே விடுவான். ஊர் தாண்டிச் சமவெளிக்குப் போனாலும் இழுப்பான். இழுத்தது அவனுக்கே தெரியாது.

சனிக்கிழமை காலையில் டெஸ்மண்ட் ஓட்டப் போனான். மத்தியானத்துக்கு மேல் அல்ஃபோன்ஸ் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்தே கிளம்பினான். நடப்பது இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ரோஸ்விதா ஒன்றும் சொல்லவில்லை.

*

அவள் நிலவறைப் படியேறி முற்றத்துக்கு வந்தபோது டெஸ்மண்ட் பின்வாசல் வழியாகக் குளிக்கப் போய்விட்டிருந்தான். அல்ஃபோன்ஸ் மட்டும் காருக்குப் பக்கத்தில் நின்றான். முகம் சிவந்திருந்தது. கண்ணில் இந்த எட்டு மாசமாக அவள் பார்க்காத ஒரு பளபளப்பு.

"ஏறினியா அதுல?"

"பக்கத்துல உக்காந்தேன்."

"உன்னை யாரு உக்காரச் சொன்னா?"

"அந்தாளோட கூட்டாளி வரல. தனியா எவ்வளவு நேரம்தான் ஓட்டுவான்? பேச்சுத் துணைக்கு."

"மயக்கம் வந்திருந்தா?"

"பக்கத்துல உக்காந்தவனுக்கு மயக்கம் வந்தா என்ன ரோஸ்விதா? சர்ச்சுல வாரா வாரம் வருதே, அது மாதிரிதான்." சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவன் கம்பளிச் சட்டையிலிருந்து அந்தத் தீய்ந்த குளம்பு நாற்றம் வந்தது. நகக்கண்ணில் கறுப்பு. கழுத்து மடிப்பில்கூடக் கறுப்பாக ஒரு கோடு. அறுபத்தாறு வயதில், இத்தனை வருஷமாகக் கூடப் படுத்த மனிதனை இப்படி ஒரு மூக்குச் சுளிப்போடு பார்க்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. ஆனாலும் நம்பினாள். அவள் கண்ணாலேயே பார்த்தாளே, வலது பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டுதானே இறங்கினான். எங்கள் நாட்டுக் கார்களில் ஓட்டுகிறவன் இடது பக்கம், கூட வருகிறவன் வலது பக்கம். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒழுங்கு அது.

"சட்டையைக் கழட்டி வாசல்லயே போடு. அதோட உள்ள வராத," என்றாள்.

ராச்சாப்பாட்டின்போது அல்ஃபோன்ஸ் இரண்டு தடவை சூப் கேட்டு வாங்கிக் குடித்தான். பாட்டு ஒன்றை முணுமுணுத்தான். பனி வண்டி ஓட்டிய காலத்தில் முணுமுணுக்கிற பாட்டு. அதைக் கேட்டதும் ரோஸ்விதாவுக்கு மனசு கொஞ்சம் இளகியது. பாவம், ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து வந்ததற்கே இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்து, கூடுதலாக ஒரு துண்டு ரொட்டி அறுத்துக் கொடுத்தாள்.

அந்த ரொட்டியை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகமாக எரிந்தது.

*

ஞாயிறு காலையில் ரோஸ்விதா சமையலறையில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பிடித்த சட்டிக் கேக்குக்காக. துருவிய கிழங்கும் பன்றி இறைச்சித் துண்டுகளும் வெங்காயமும் கனமான இரும்புச் சட்டியில் அமர்த்தி, காலையிலேயே அடுப்பில் ஏற்றினால்தான் மத்தியானத்துக்கு மேல்பக்கம் மொறுமொறுவென்று வரும். முற்றத்திலிருந்து டெஸ்மண்டின் குரல் கேட்டது. ஆங்கிலத்தில், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப. அது என்ன கெட்ட வார்த்தை என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

காலை உணவுக்கு வந்து உட்கார்ந்தபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. கை கழுவாமலே வந்திருந்தான். வெள்ளை மேஜை விரிப்பில் ஐந்து விரலும் பதிந்தன. ரோஸ்விதா முட்டையை அவன் முன்னால் வைத்தாள். அல்ஃபோன்ஸ் பக்கத்து மேஜையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

"ரோஸி," என்றான் டெஸ்மண்ட். அவளை அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான், அவள் அதை ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. "கார் காலையில் நகரலே. பின் சக்கரம் ஒட்டியது. தள்ளினேன், டொக்! அப்புறம் ஒரு சுத்து போனேன், டட்டட்டட்டட்ட. புது பேடு செத்தது."

"ஐயோ," என்றாள் ரோஸ்விதா, மரியாதைக்கு.

"உங்க அல்ஃபோன்ஸ் ரொம்ப நல்ல டிரைவர் இருக்கு. உண்மை. என்னைவிட அழகா திருப்புது. மேடு, இறக்கம், எல்லாம் வெண்ணெய்." முட்டையின் தலையைக் கத்தியால் தட்டிச் சீவினான். "ஆனா கை! நான் கேட் மூடப் போனேன், திரும்பி வந்து உக்காந்து ஹெல்மெட் எடுக்கறேன், அதுக்குள்ள இழுத்தது. நான் பாக்கலே. நூறு தடவை சொன்னேன், கட்டை, கட்டை!" அல்ஃபோன்ஸைப் பார்த்துச் சோகமாகச் சிரித்தான். "மலைக்காரனுக்குக் கார் குடுக்கக் கூடாது."

பத்திரிகை அசையவில்லை.

ரோஸ்விதா கையில் காபிக் குவளையோடு நின்றாள். முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. வலது கதவு, பழுப்புக் காலணி, ரோஜா நிறக் கயிறு. கண்ணால் பார்த்தேனே. அப்புறம் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். பச்சைக் காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டீரிங் தெரிந்தது. வலது பக்கம். இங்கிலாந்துக் கார். பதினைந்து வருஷமாக அதே முற்றத்தில் வந்து நிற்கிற கார்.

அவள் டெஸ்மண்டின் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். குவளையை மேஜைமேல் வைத்தாள். "அல்ஃபோன்ஸ், சமையலறைக்கு வா," என்றாள்.

*

சமையலறைக் கதவைச் சாத்தினதும் அவன் முந்திக்கொண்டான்.

"பந்தயப் பாதையில ஓட்டல. அங்கேர்ந்து வீட்டுக்கு மட்டும்தான். சூடு ஆறணும், மெதுவாத்தான் ஓட்டணும், பிரேக்கே தொடக் கூடாது. அதைப் போய் ஓட்டினதுன்னு சொல்ல முடியுமா?"

"நீ கேட்டியா, அவனாக் குடுத்தானா?"

அல்ஃபோன்ஸ் மேஜைமேல் கிடந்த உருளைக்கிழங்குத் தோலை விரலால் ஒதுக்கினான்.

"நீதான் கேட்ட."

"அவனுக்கும் முதுகு வலி..."

"பல் டாக்டர்கிட்ட போய்ப் பல்லைக் காட்டியிருக்க." அவள் துருவியை எடுத்துக் குழாயடியில் போட்டாள். "எந்த வழியா வந்தீங்க?"

"எல்லாரும் வர்ற வழிதான்."

"பஸ் நிறுத்தம் வழியாவா?"

அவன் நிமிர்ந்தான். முகத்தில் குற்ற உணர்ச்சியைத் தேடினாள். இருந்தது பெருமிதம். "ஆமா. அது வழியாத்தான் வந்தேன். ஒன்னும் ஆகல ரோஸ்விதா. கை ஆடல, கண்ணு இருட்டல. அந்த இடத்தைத் தாண்டினப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எட்டு மாசமா வீட்டுல உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி..."

"அங்க யாராவது நின்னாங்களா?"

"என்ன?"

"பஸ்ஸுக்கு. யாராவது நின்னாங்களான்னு கேட்டேன்."

அவன் யோசித்தான். யோசித்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டான். முன்னால் சாலை, கையில் ஸ்டீரிங், அவ்வளவுதான் உலகம். நாற்பது வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிற ஆண்கள் அத்தனை பேர் முகத்திலும் அவள் பார்த்துச் சலித்த அதே பளபளப்பு. ஈரம் சொட்டுகிற முடியும் நாற்றமுமாக மேஜையில் வந்து உட்கார்ந்து, வாயில் முட்டையை அடைத்துக்கொண்டு, எந்த வளைவில் எவ்வளவு தாமதமாக பிரேக் அமுக்கினேன் என்று கையை வீசி வீசிச் சொல்கிறார்களே, அந்த முகம். இந்த ஒரு முகமாவது வேறு என்று இத்தனை வருஷம் எப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்?

"இன்னைக்கு டோரத்தே கேப்பா," என்றாள்.

"கேட்டா கேக்கட்டும். ஓட்டலன்னு சொல்லிரு."

"நான் சொல்லணுமா?"

"நீதானே பொறுப்புன்னு போன்ல சொன்ன? இப்ப நீயே போட்டுக்குடுத்தா உன் பேச்சுதான் கெடும்." அவன் குரலைத் தாழ்த்தினான், ஏதோ அவளுக்காகப் பரிந்து பேசுகிறவன் மாதிரி. "குழந்தை ரெண்டு வாரம் வந்து இருக்கட்டுமே. உனக்கும் ஆசைதானே. அறையெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்க. நான் இனிமே தொட மாட்டேன். சத்தியமா."

அந்த 'உனக்கும் ஆசைதானே'தான் அவளுக்குத் தாங்கவில்லை. கை வைக்கக் கூடாத இடத்தில் கறுப்புக் கையை வைத்துவிட்டான்.

"அக்டோபர்லயும் சத்தியம்தான் பண்ணின," என்றாள். "கையைக் கழுவு. நகத்துக்குள்ள இன்னும் இருக்கு."

*

டோரத்தே மத்தியானம் வந்தாள். ராத்திரி வேலை முடித்து நேராக வந்த முகம், கண்ணுக்குக் கீழே பை. ரோமி காரிலிருந்து குதித்து ஓடிவந்து முதலில் தாத்தாவின் காலைப் பார்த்தாள். "கயிறு இன்னும் இருக்கு!" என்று கத்தினாள். அல்ஃபோன்ஸ் அவளைத் தூக்கிச் சுற்றினான். ரோஸ்விதா அவன் நகங்களைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன, ஓரத்தில் கோடு மட்டும் போகவில்லை.

டெஸ்மண்ட் நல்லவேளையாகக் கிளம்பிப் போயிருந்தான். டட்டட்டட்டட்ட என்று சரிவில் இறங்கிப் போகும் சத்தம் சர்ச் வரைக்கும் கேட்டது. போகும்போது ரோஸ்விதாவுக்கு இங்கிலாந்து பிஸ்கட் டப்பா ஒன்று கொடுத்தான். அறையில் இரண்டு வெள்ளைத் துண்டுகள் கறுப்பாகக் கிடந்தன. கூடையில் இருந்த பழைய துணிகளை அவன் தொடக்கூட இல்லை.

நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சட்டிக் கேக் நன்றாக வந்திருந்தது. ரோமி மேலே மொறுமொறுவென்று இருப்பதை மட்டும் பெயர்த்துத் தின்றுவிட்டு, மாடி அறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஓடினாள். தலைக்குமேல் அவள் கட்டிலில் குதிக்கிற சத்தம் கேட்டது.

டோரத்தே முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாசல்ல என்ன நாத்தம்? அப்பாவோட சட்டையா அங்க கெடக்குறது?"

"விருந்தாளியோட கார்," என்றான் அல்ஃபோன்ஸ். "பக்கத்துல நின்னேன்."

"பக்கத்துல நின்னீங்க."

"கொஞ்ச தூரம் கூட உக்காந்தும் வந்தேன்."

டோரத்தே அவனைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். எட்டு மணி நேரம் நோயாளிகளின் பொய்களைக் கேட்டுவிட்டு வந்த நர்ஸின் பார்வை அது, அவசரமே இல்லாதது.

"அம்மா, நான் விடுமுறைக்கு மறுபடி லீவு கேட்டுத் திங்கக்கிழமை எழுதலாமா வேண்டாமான்னு இன்னைக்கு முடிவு பண்ணணும். குடுக்க மாட்டாங்க, சண்டை போடணும். அப்பா வண்டி ஓட்டினாரா? நீ சொல்லு. நீ சொன்னா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

மேலே கட்டில் கிறீச்சிட்டது. அல்ஃபோன்ஸ் ரோஸ்விதாவைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை. ஓட்டவில்லை என்று சொல்லிவிடுவாள், எனக்காகச் சொல்லிவிடுவாள் என்று நிச்சயமாக நம்புகிறவனின் பார்வை. சாயங்காலம் துண்டை அழுக்காக்கிவிட்டு, மறுநாள் காலையில் வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருக்கும் என்று நம்புகிறவர்களின் பார்வை.

"அல்ஃபோன்ஸ்," என்றாள் ரோஸ்விதா. "நேத்து எந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கின? உன் பொண்ணுகிட்ட சொல்லு."

"எந்தக் கதவு?" என்றாள் டோரத்தே. "என்ன கதவும்மா?"

அல்ஃபோன்ஸ் தட்டில் ஒட்டியிருந்த கருகல் ஒன்றைக் கத்தி முனையால் சுரண்டினான். சுரண்டிக்கொண்டே இருந்தான்.

ரோஸ்விதா காத்திருந்தாள். பிறகு எழுந்து, டெஸ்மண்டின் ஐந்து விரலும் இன்னும் பதிந்திருந்த விரிப்பைப் பக்கத்து மேஜையிலிருந்து உருவினாள். அதைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நிலவறைப் படிக் கதவைத் திறந்தாள்.

"அம்மா?"

கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.